புதிதாக வாங்கிய மார்வாரிக் குதிரைக்கு எந்தக் கடிவாளம்? வாய்க்குள் போகும் பிட் கம்பி போடலாமா, இல்லாமலே ஓட்டலாமா?

வாய்க்கால்மேடு:

எல்லோருக்கும் வணக்கம். இந்த ஆடியில் அந்தியூர் குருநாதசாமி கோயில் சந்தையில் ஒரு மார்வாரிப் பெட்டை வாங்கினேன். ஆறு வயது என்றார்கள், கூட வந்த நண்பர் பல்லைப் பார்த்துவிட்டு இருக்கும் என்றார். நுக்ரா வெள்ளை, மூக்கைச் சுற்றி முழுக்க ரோஸ் நிறத் தோல். குணத்தில் குறையே சொல்ல முடியாது, லாடம் அடிக்கும்போது தானாகக் காலைக் கொடுக்கிறது, குழந்தைகள் பக்கத்தில் போனால் தலையைத் தாழ்த்தி முகர்ந்து பார்க்கிறது. கடிவாளத்தைக் கண்டால்தான் வேறு குதிரையாகிவிடுகிறது.

விற்றவர் கூடவே ஒரு கடிவாளம் கொடுத்தார். வாய்க்குள் போகும் கம்பியில் வரிசையாக முள், கன்னத்தில் படும் வளையத்திலும் உள்பக்கம் கூர் கூராக இருக்கிறது. "இது இல்லாமல் ஏறாதீங்க, பிடிக்க முடியாது" என்று சொல்லித்தான் கொடுத்தார். அதைக் கையில் எடுத்தாலே தலையை எட்டாத உயரத்துக்குத் தூக்கிவிடுகிறது. எப்படியோ மாட்டினால் வாயைத் திறந்து நாக்கை ஒரு பக்கம் தொங்கவிடுகிறது, லகானைத் தொட்டதும் பின்னால் வந்து முன்னங்காலைத் தூக்கப் பார்க்கிறது. பயந்துபோய் அதை நிறுத்திவிட்டேன், இப்போது வெறும் தலைக்கயிற்றில் நடத்திக்கொண்டு போவதோடு சரி.

ஆன்லைனில் தேடினால் முள்ளோ லீவரோ இல்லாத சாதா ஸ்னாஃபில் பிட்டே இருபது விதம் வருகிறது. ஒரு நண்பர் பிட்டே வேண்டாம், தாடைக்கு அடியில் வார் குறுக்காகப் போகிற பிட்லெஸ் வாங்கு என்கிறார். இன்னொருவர் மூக்கை அழுத்தி அடக்கும் ஹாக்கமோர் என்கிறார். நான் கோவையில் ஒரு ரைடிங் ஸ்கூலில் கற்றவன், ட்ராட் (துள்ளுநடை), கேன்டர் (மெல்லோட்டம்) வரை வரும், அதற்குமேல் பெரிய ஆள் இல்லை. ஓட்டப்போவது கீழ்பவானி வாய்க்கால் கரையில்தான், ஆனால் அங்கே போய்ச் சேரும்வரை கொஞ்ச தூரம் தார் ரோடு, கரும்பு லாரி வரும் ரோடு. பின்னால் என் பெண்ணும் ஏறுவாள், வயது 12. எதை வாங்கட்டும்?

வேப்பேரி மாட்டு டாக்டர்:

இப்போதைக்கு எதையும் வாங்காதீர்கள். முதலில் அந்த முள் பிட்டை ஒழியுங்கள். கொட்டகையில் மாட்டி வைத்தால் நாளைக்கு யாராவது எடுத்து இன்னொரு குதிரைக்குப் போடுவார்கள், அதனால் கட்டிங் மெஷினில் வெட்டிப் பழைய இரும்புக் கடையில் போடுவதுதான் சரி. அது சட்டப்படியும் தப்பு. 1965ஆம் ஆண்டு வந்த வண்டி இழுக்கும், சுமை சுமக்கும் விலங்குகள் மீதான வதைத் தடுப்பு விதிகளில் 8ஆம் விதி முள் வைத்த பிட், முள் வைத்த தார்க்கோல் எல்லாவற்றையும் தடை செய்கிறது, சவாரி செய்வதற்கும் சேர்த்துத்தான். சந்தைகளில் இன்னும் பகிரங்கமாகத் தொங்கவிட்டு விற்கிறார்கள் என்பது வேறு கதை.

அடுத்து வாய். குதிரைக்கு முன்பற்களுக்கும் கடைவாய்ப் பற்களுக்கும் நடுவே பல்லே இல்லாத ஓர் இடைவெளி உண்டு, பிட் உட்காருவது அங்கேதான். அந்த இடத்தில் இருப்பது கீழ்த்தாடை எலும்பின் மெல்லிய விளிம்பும் அதன்மேல் ஒரு சவ்வும், அவ்வளவுதான், சதை என்று எதுவும் கிடையாது. முள் பிட்டில் ஓடிய குதிரைக்கு அந்த எலும்பிலேயே அடிபட்டு முண்டு முண்டாக வளர்ந்திருக்கும், மேலே புண் ஆறிப்போய் வெளியில் ஒன்றும் தெரியாது, விரல் வைத்துத் தடவினால்தான் தெரியும். அப்படி இருக்கும் வாயில் உலகத்திலேயே மென்மையான பிட்டைப் போட்டாலும் வலிக்கத்தான் செய்யும். நீங்களோ பிட் சரியில்லை என்று ஒவ்வொன்றாக வாங்கிக்கொண்டே இருப்பீர்கள்.

இரண்டாவது, ஓநாய்ப்பல். மேல்தாடையில் முதல் கடைவாய்ப் பல்லுக்கு முன்னால் பட்டாணி அளவில் ஒரு சின்னப் பல் சில குதிரைகளுக்கு இருக்கும், ஆண் பெண் இரண்டுக்கும் வரும். பிட் அதில் இடித்தால் தலையை உதறும். சில சமயம் ஈறுக்கு அடியிலேயே ஒளிந்திருக்கும். எடுப்பது பெரிய வேலையில்லை, ஆனால் மயக்க ஊசியும் வேரோடு எடுக்கத் தெரிந்த டாக்டரும் வேண்டும், சந்தையில் குறடு வைத்துக்கொண்டு திரிபவர்களிடம் விட்டுவிடாதீர்கள்.

மூன்றாவதைத்தான் பிட்லெஸ் என்று சொல்பவர்கள் யோசிப்பதில்லை. குதிரையின் மேல்தாடை கீழ்த்தாடையைவிட அகலம், பக்கவாட்டில் அரைத்து மெல்லும், அதனால் மேல் கடைவாய்ப் பற்களின் வெளி ஓரமும் கீழ்ப் பற்களின் உள் ஓரமும் தேயாமல் கத்தியாக நிற்கும். மூக்குவாரை இழுத்துக் கட்டினால் கன்னத்தின் உள்பக்கம் அந்த விளிம்பில் போய் அழுந்தும். வாயில் இரும்பே இல்லாமல் வாய்க்குள் புண் வருவது இப்படித்தான். பிட் இல்லை என்பதால் பல் பார்க்க வேண்டியதில்லை என்று நினைக்காதீர்கள்.

கோபிப் பக்கம் என்றால் உங்களுக்கு நாமக்கல் கால்நடை மருத்துவக் கல்லூரி எட்டாத தூரம் இல்லை. குதிரைப் பல் பார்த்துப் பழகிய டாக்டராகக் கேளுங்கள். மயக்க ஊசி, வாயைத் திறந்து பிடிக்கும் கருவி, நல்ல வெளிச்சம், இந்த மூன்றும் இல்லாமல் பார்த்தால் முன்பக்கம் மட்டும்தான் தெரியும். தடுப்பூசி எதுவும் போட்ட விவரம் தெரியாது அல்லவா, டெட்டனஸ் ஊசியையும் கையோடு போட்டுவிடுங்கள். குதிரையைப்போல் டெட்டனஸுக்குச் சீக்கிரம் விழும் வீட்டு விலங்கு வேறு இல்லை, வாய்ப்புண்ணும் லாட ஆணியுமே போதும்.

ஊட்டிக் குளிர்:

டாக்டர் சொன்னதற்குப் பிறகுதான் நான் சொல்வது. வாய் சுத்தம் என்று தெரிந்த பிறகு இதைப் படியுங்கள்.

எங்களிடம் ரேஸில் ஓடி ஓய்வுபெற்ற தரோபிரெட் குதிரைகள்தான் அதிகம். அவற்றின் சிக்கல் நேர் எதிர். லகானை இறுக்கினால் அதில் சாய்ந்துகொண்டு ஓடு என்றுதான் பழகியிருக்கும், இழுக்க இழுக்க வேகம் கூடும். உங்கள் பெட்டைக்கு லகான் தொட்டாலே வலி வரும் என்று பழக்கம், அதனால் பின்னால் போகிறது. முன்னங்காலைத் தூக்குவதும் அதே கணக்குத்தான், முன்னால் போனால் வாயில் குத்தும், பின்னாலும் வழியில்லை, மிச்சம் இருப்பது மேலே. இப்படிப்பட்ட குதிரைக்கு வாயில் ஆடாமல் அசையாமல் கிடக்கும் பிட் வேண்டும்.

வளையம் சுற்றிச் சுற்றி ஓடுகிற லூஸ் ரிங்கைவிட, அப்படி ஓடாத எக்பட் அல்லது டி ரிங் நல்லது, உதட்டு ஓரத்தைக் கடிக்காது. வாய்க்கம்பி நடுவில் ஒரே மூட்டு உள்ளதை இழுத்தால் V மாதிரி மடங்கி நாக்கை இரண்டு பக்கமும் நெரிக்கும், அதனால் நடுவில் வழவழப்பான சின்னக் குமிழ் வைத்த இரட்டை மூட்டு வாங்குங்கள். இங்கே ஒரு ஏமாற்று உண்டு. ஃபிரெஞ்ச் லிங்க் என்ற இரட்டை மூட்டைக் கேட்டால் சில கடைகளில் டாக்டர் பிரிஸ்டல் என்ற வேறு பிட்டைக் கொடுத்துவிடுவார்கள். இரண்டிலும் நடுவில் தட்டையான துண்டுதான், ஆனால் பிரிஸ்டலில் அது சாய்வாக நின்று நாக்கில் விளிம்பு குத்தும். கையில் வாங்கி உங்கள் முன்கையில் வைத்து இழுத்துப் பாருங்கள், தெரிந்துவிடும்.

தடிமன் விஷயத்தில் எல்லோரும் ஒரே பாட்டைப் பாடுவார்கள்: தடித்த கம்பி மென்மை, மெல்லிய கம்பி கடுமை. பாதிதான் சரி. மார்வாரிக்கு வாய் சின்னது, நாக்கு அந்த வாயை நிறைத்துக்கொண்டு கிடக்கும், அதில் 18 மி.மீ. கம்பியைத் திணித்தால் வாயை மூடவே முடியாது, நீங்கள் சொன்ன மாதிரி நாக்கை வெளியே போட்டுவிடும். 14 மி.மீ. ஒட்டி ஆரம்பித்துப் பாருங்கள். நீளத்துக்கு ஒரு மரக்குச்சியை வாயில் குறுக்காக வைத்து, இரண்டு உதட்டு ஓரத்திலும் பேனாவால் குறித்து அளந்து, பக்கத்துக்கு அரை செ.மீ. கூட்டுங்கள். பெரும்பாலும் நாலரைக்கும் ஐந்து அங்குலத்துக்கும் நடுவில் வரும். கடைக்காரர் ஐந்தரையைத் தள்ளிவிடப் பார்ப்பார், வாங்கினால் வாயில் இடமும் வலமும் சறுக்கிக்கொண்டே இருக்கும்.

உதட்டில் இரண்டு மடிப்பு விழ வேண்டும் என்ற பழைய விதியை நம்பி உயரத்தை வைக்காதீர்கள். உதடு தடித்ததா மெல்லியதா என்பதைப் பொறுத்து அது மாறும். உதட்டு ஓரத்தில் இழுக்காமல் படிந்திருக்கிறதா, கீழே எந்தப் பல்லிலாவது தட்டுகிறதா என்று உதட்டை விலக்கிப் பார்த்து முடிவு செய்யுங்கள். வாயைத் திறக்கிறது என்று மூக்குவாரை இறுக்கிக் கட்டுவது நம் ஊரில் தீராத வியாதி. மூக்கெலும்பின் மேல் இரண்டு விரல் தாராளமாகப் போக வேண்டும், பக்கத்தில் கன்னத்தில் விட்டுப் பார்த்தால் கணக்கில்லை. இதைச் சரிபார்க்க சர்வதேசப் போட்டிகளிலேயே 2025இல் இருந்து தனி அளவுகோல் வைத்து அளக்கிறார்கள்.

எங்கள் ஊரில் டிசம்பர் காலையில் பிட்டைக் கக்கத்தில் கொஞ்ச நேரம் வைத்துவிட்டுத்தான் போடுவோம், உங்களுக்கு அந்தத் தொல்லை இல்லை. முதல் சில தடவை கம்பியில் வெல்லம் தடவுங்கள்.

வார்ப்பட்டை:

நான் பல வருடமாகப் பிட் இல்லாமல்தான் ஓட்டுகிறேன், ஆனாலும் கண்ணை மூடிக்கொண்டு பிட்லெஸ் வாங்குங்கள் என்று சொல்ல மாட்டேன். பிட்லெஸ் என்பது ஒரே சாமான் இல்லை, ஒன்றுக்கொன்று சம்பந்தமே இல்லாத மூன்று நான்கு சாமான்களுக்கு ஒரே பெயர்.

உங்கள் நண்பர் சொல்லும் குறுக்கு வார் வகையில், இடது லகானை இழுத்தால் வார் தாடைக்கு அடியில் போய் வலது கன்னம், உச்சந்தலை என்று தலை முழுவதையும் ஒரு அணைப்பு அணைக்கும். கேட்க நன்றாக இருக்கும். சிக்கல் விடும்போதுதான். லகானைத் தளர்த்தினாலும் குறுக்காகப் போன வார்கள் உரசிக்கொண்டு உடனே விடாது, குதிரைக்கோ தான் சரியாகச் செய்ததும் பிடி விடுகிறது என்பதுதான் பாடம். பழகிய குதிரைக்குப் பரவாயில்லை, பயந்த குதிரைக்குப் புதிதாகச் சொல்லிக் கொடுக்க அது சுகப்படாது.

மெக்கானிக்கல் ஹாக்கமோரில் மூக்குவாரின் இரண்டு பக்கமும் லீவர் கை இருக்கும், கீழ் நுனியில் லகான். அதைப் பிட் இல்லை என்பதால் மென்மை என்று நினைப்பவர்கள் லீவர் கணக்கை மறந்துவிடுகிறார்கள். மேல் கை 5 செ.மீ., கீழ் கை 15 செ.மீ. என்று வைத்துக்கொள்ளுங்கள், கையில் ஒரு கிலோ இழுத்தால் தாடைச் சங்கிலியில் மூன்று கிலோ விழும். மூக்கில் விழுவது அதற்கும் மேல். திருப்புவதற்கும் அது லாயக்கில்லை. உங்கள் பெண் கையில் கொடுக்கவே கொடுக்காதீர்கள்.

நான் உங்களுக்குச் சொல்வது சைட்புல். மூக்குவாரின் இரண்டு பக்கத்திலும் வளையம், அதில் லகான், வேறு மாயம் எதுவும் கிடையாது. இடது இழுத்தால் மூக்கு இடது பக்கம் வரும், விட்டால் அந்த நொடியே விட்டுவிடும். தோல் வாரில் வாங்குங்கள், கயிற்றில் முடிச்சுப் போட்டது வேண்டாம்.

மூக்குவார் எங்கே உட்காருகிறது என்பது முக்கியம். குதிரையால் வாய் வழியாக மூச்சு விட முடியாது. மூக்கெலும்பு கீழே வரவர மெலிந்து முடிந்துபோகும், அதற்குக் கீழே குருத்தெலும்புதான், வார் அங்கே இறங்கினால் மூச்சை அடைக்கும், எலும்பின் நுனியையும் பதம் பார்க்கும். கன்ன எலும்பு மேடு முடிகிற இடத்தில் இருந்து இரண்டு விரல் கீழே வையுங்கள். இன்னொன்று, நுக்ரா என்று சொன்னீர்களே, அந்த ரோஸ் தோல் வியர்வையும் வெயிலும் சேர்ந்தால் சட்டென்று உரிந்துவிடும். வாரின் உள்பக்கம் ஆட்டு ரோம உறையோ துவைத்துப் போடக்கூடிய ஃபிளானல் துணியோ சுற்றுங்கள், ஒவ்வொரு சவாரிக்குப் பிறகும் ஈரத் துணியால் துடையுங்கள்.

ரேக்ளா பிரியன்:

நான் சொல்வது இங்கே யாருக்கும் பிடிக்காது. முள் பிட் அநியாயம், ஒத்துக்கொள்கிறேன். அதற்காக வாயில் ஒன்றுமே இல்லாமல் கரும்பு லாரி போகும் ரோட்டில் சந்தைக் குதிரையை இறக்கச் சொல்வது அதைவிட அநியாயம். அது எங்கே வளர்ந்தது, கல்யாண ஊர்வலத்தில் ஆடியதா, வண்டி இழுத்ததா, யாருக்கும் தெரியாது. ஒரு ஏர் ஹார்ன் போதும். தாடைச் சங்கிலியும் லீவர் கையும் வைத்த பெல்ஹாம் பிட் ஒன்று போட்டுக்கொண்டு இரண்டு லகான் வைத்து ஓட்டுங்கள், தேவையில்லாதபோது கீழ் லகானைத் தொடாமல் விடுங்கள். ஆபத்துக்கு ஒரு பிரேக் இருக்க வேண்டாமா? சின்னப் பெண் வேறு ஏறப்போகிறாள் என்கிறார்.

ஊட்டிக் குளிர்:

ரோட்டைப் பற்றி நீங்கள் பயப்படுவது நியாயம், பெல்ஹாம் நியாயம் இல்லை. வளர்ந்த மார்வாரி 350, 400 கிலோ வரும், மிரண்டு ஓடும்போது அதை எந்த இரும்பும் பிடித்து நிறுத்தாது. வலித்தால் ஓடுவதுதான் குதிரை. மிரண்ட நேரத்தில் வாயிலும் வலித்தால் இரண்டு காரணத்துக்காக ஓடும். ரேஸ் குதிரை கையை மீறிப் போனதைப் பார்த்தவன் சொல்கிறேன், ஜாக்கி தொங்கிக்கொண்டு இழுப்பார், அது பாட்டுக்குப் போகும்.

பிரேக் என்பது பழக்கம். மூடிய மைதானத்தில், முதலில் கீழே நின்றபடி, பிறகு மேலே ஏறி நடையில், ஒரு லகானை மட்டும் மெதுவாக இழுத்துக் கழுத்தை வளைத்து, பின்னங்கால் ஒன்றையொன்று தாண்டி விலகி நின்றதும் உடனே விடுவது. இரண்டு பக்கமும் இதையே சலிக்காமல் செய்யுங்கள். நடையில் நன்றாக வந்த பிறகு ட்ராட்டில். நாலுகால் பாய்ச்சலில் திடீரென்று இதைச் செய்தால் குதிரை சரிந்து விழும், அங்கே வட்டம் போட்டு வட்டத்தைச் சின்னதாக்கித்தான் நிறுத்த வேண்டும். இது ரத்தத்தில் ஊறும்வரை தார் ரோட்டில் ஏறி ஓட்டவே வேண்டாம், இறங்கிக் கையில் பிடித்து நடத்திக்கொண்டு போய் வாய்க்கால் கரையில் ஏறுங்கள். லாரிக்குப் பழக்க, லாரி நிற்கும் இடத்துக்குப் பக்கத்தில் கொண்டுபோய்ப் புல் போடுங்கள்.

ரேக்ளா பிரியன்:

இறங்கி நடத்திப் போவதை ஒத்துக்கொள்கிறேன். பெல்ஹாம் விஷயத்தில் இல்லை.

வாய்க்கால்மேடு:

எல்லோருக்கும் நன்றி, பதில் போடத் தாமதமாகிவிட்டது. டாக்டரைப் பார்த்துவிட்டோம். மேல்தாடையில் வலது பக்கம் ஓநாய்ப்பல் இருந்தது, எடுத்தாகிவிட்டது. கடைவாய்ப் பற்களை ராவினார், கன்னத்தின் உள்ளே இரண்டு பக்கமும் பழைய புண் இருந்ததாம். வேப்பேரி டாக்டர் சொன்ன மாதிரியே கீழ்த்தாடையில் இடது பக்கம் எலும்பு முண்டு இருக்கிறது, அழுத்தினால் தலையை இழுத்துக்கொள்கிறது. டெட்டனஸ் ஊசியும் ஆயிற்று.

புண் ஆறும்வரை தலையில் எதுவும் கட்டவில்லை, பிறகு ஒரு சைட்புல் வாங்கி வீட்டுக் களத்தில் நடத்திப் பழக்குகிறேன். பின்னங்கால் விலகி நிற்கும் பாடம் இடது பக்கம் அழகாக வருகிறது, வலது பக்கம் இன்னும் பிடிவாதம்தான். முன்னங்கால் தூக்குவது நின்றுவிட்டது. இப்போது கேள்வி இரண்டு. இப்படியே இருந்துவிடலாமா, அல்லது பின்னால் பிட்டுக்கும் பழக்க வேண்டுமா? அப்புறம், சைட்புல் மாட்டும்போதும் தலையைத் தூக்குகிறது. வாயில்தான் எதுவும் போகவில்லையே, ஏன்?

வேப்பேரி மாட்டு டாக்டர்:

முண்டு இருக்கும் இடத்தை மறுபடி ஒருமுறை காட்டி, அழுத்தினால் வலி இல்லை என்று தெரியும்வரை பிட் என்ற பேச்சே வேண்டாம். பல் ராவுவதை வருடம் ஒருமுறை செய்யுங்கள். பிற்காலத்தில் பிட் போட்டாலும் தாடை எலும்பில் விழும் சுமையைக் குறைத்து நாக்கில் பரப்பும் வளைந்த ஒற்றைக் கம்பியோ ஊட்டிக்காரர் சொன்ன இரட்டை மூட்டோ, எதில் வாய் அமைதியாக இருக்கிறதோ அதை வையுங்கள். கட்டாயம் எதுவும் இல்லை.

ஊட்டிக் குளிர்:

உங்கள் பெண் போட்டிக்குப் போக ஆசைப்பட்டால் மட்டும் யோசிக்க வேண்டும். சர்வதேச விதிப்படி தடைதாண்டும் போட்டியில் ஹாக்கமோருக்கு அனுமதி உண்டு, குதிரையின் அசைவுகளுக்கு மதிப்பெண் போடும் டிரெஸ்ஸாஜில் பிட் இல்லாமல் நுழைய முடியாது. வாய்க்கால் கரைக்கு இந்த விதியெல்லாம் தேவையில்லை.

வார்ப்பட்டை:

பழக்குவதென்றால் இரண்டையும் சேர்த்தே போடலாம். சைட்புல்லுக்கு அடியில் பிட்டை லகான் இல்லாமல் சும்மா தொங்கவிட்டு, அது மென்று விளையாடி மறந்துபோகும்வரை சைட்புல் லகானிலேயே ஓட்டுங்கள். பிறகு இரண்டாவது லகானைச் சேர்த்து, முதலில் மூக்கில் கேட்டு, அதோடு ஒட்டிப் பிட்டில் லேசாகத் தொட்டு, மெதுவாக மாற்றிக்கொண்டே போகலாம். அவசரமே இல்லை.

தலையைத் தூக்குவது வாய்க்காக இல்லை, காதுக்காக. மார்வாரிக் காது நுனி ஒன்றோடொன்று தொடும்படி உள்ளே வளைந்திருக்கும், மாட்டும்போது வாருக்குள் மடக்கித் திணித்தால் வலிக்கும். அடங்காத குதிரையைப் பிடிக்கக் காதை முறுக்குவதும் சில இடங்களில் வழக்கம், உங்களுடையது அதையும் பார்த்திருக்கலாம். உச்சிவாரைக் காதுக்கு மேலாகத் தள்ளாதீர்கள். பக்கிளைக் கழற்றி, கழுத்துப் பக்கமாக வாரைக் கொண்டுவந்து காதுக்குப் பின்னால் வைத்து, பிறகு பக்கிளைப் போடுங்கள். நெற்றிவார் குட்டையாக இருக்கிறதா என்றும் பாருங்கள், குட்டை என்றால் அது உச்சிவாரை முன்னால் இழுத்துக் காதின் அடியில் அழுத்திக்கொண்டே இருக்கும். மார்வாரிக்குத் தலை சின்னது, நெற்றி அகலம், அதனால் கன்னவார் காப் (நடுத்தர) அளவிலும் நெற்றிவார் ஃபுல் (பெரிய) அளவிலும் தனித்தனியாகக் கேட்டு வாங்க வேண்டியிருக்கும். கான்பூரில் தோல் சாமான் செய்பவர்கள் அளவு அனுப்பினால் அப்படித் தைத்துக் கொடுக்கிறார்கள். டேப் வைத்து, ஒரு காதின் பின் விளிம்பில் இருந்து நெற்றியைச் சுற்றி அடுத்த காதின் பின் விளிம்பு வரை அளந்து அனுப்புங்கள்.